மலைக்கும் ஓர் அளவுண்டு

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் சொல் "சுற்றுச்சூழல் சுற்றுலா" என்பது. மலையையும் காட்டையும் கெடுக்காமல் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதில் கிடைக்கும் வருமானம் காட்டைக் காப்பதற்கும் அங்கே வாழ்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே இதன் பொருள். முதல் பாதியைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவது பாதிதான் அடிக்கடி மறந்துபோகிறது.

பறம்பிக்குளத்தின் வழி

பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்குப் பயணிகள் செல்லும் வழி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே போகவேண்டும். 2010-ல் இது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்கே தங்கும் விடுதிகளை வனத்துறையே நடத்துகிறது. நினைத்தவர் நினைத்த இடத்தில் ஓட்டல் கட்ட முடியாது. காட்டுக்குள் வழிகாட்டிகளாகச் செல்பவர்கள் காடர், மலசர் முதலான ஆதிவாசி மக்கள். யானைத் தடத்தை அறிந்தவருக்கே அந்த வேலை கிடைக்கிறது. கூலியும் அவருக்கே போகிறது. குறைகள் இல்லாமலில்லை. சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போகவும் அடுத்த மாநிலத்தைச் சுற்ற வேண்டியிருப்பது இம்மக்களின் நெடுநாள் மனக்குறை. ஆயினும், வருவோர் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, வருமானத்தில் உள்ளூராருக்கு ஒரு பங்கு என்ற இரண்டும் இங்கே இருக்கின்றன.

மூணாறின் நிலை

மூணாறில் இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவில் பயணிகளை வனத்துறை பஸ்களே ஏற்றிச் செல்கின்றன. வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்படுகிறது. பூங்காவுக்கு வெளியிலோ நிலைமை வேறு. விடுமுறை நாட்களில் கார் வரிசை நகராமல் நிற்பதையும், சரிவுகளில் மாடிக் கட்டிடங்கள் எழும்பியிருப்பதையும் அங்கே வேலை செய்பவர்கள் அறிவார்கள். அகலப்படுத்திய கேப் ரோட்டில் 2019-லும் 2020-லும் மலை சரிந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிகழ்ந்த துயரம் தமிழர் எவருக்கும் மறக்கக்கூடியதல்ல. கனமழையில் மலை இடிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களில் மிகப் பலர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்த குடும்பத்தினர். இந்தச் சாவுக்கும் சுற்றுலாவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது உண்மையே. ஆனால் அது ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டது. மலை சரிந்தால் பயணி திரும்பிப் போய்விடலாம். லயத்தில் இருப்பவருக்குப் போக இடமில்லை.

நிலமில்லாதவர் குரல்

காட்கில் குழு 2011-லும், கஸ்தூரிரங்கன் குழு 2013-லும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கப் பரிந்துரைகள் செய்தன. நிலம் பறிபோகுமோ என்ற அச்சத்தில் இடுக்கியில் கடையடைப்புகள் நடந்தன. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட மறுநாள், மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிக்கையில் கேரளத்தின் 9,993 சதுர கிலோமீட்டர் சேர்க்கப்பட்டது. இத்தனை விவாதத்திலும் நிலம் உள்ளவரின் கவலை உரக்கக் கேட்டது. சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளியின் கவலை அவ்வளவாகக் கேட்கவில்லை. ஓய்வு பெற்றபின் குடும்பத்தில் வேறு எவரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டியதே அவர் நிலை. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்து போராடி 20 சதவீத போனஸைப் பெற்றார்கள். வீட்டுப் பிரச்னைக்கு அப்படி ஒரு முடிவு இன்னும் வரவில்லை.

2030-க்கு முன்னால்

கடலிலுள்ள தீவுக்கும் மலையுச்சிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் இடம் குறைவு. கெட்டால் மாற்றிடம் கிடையாது. லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் போக முடியாது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. வியாபாரிகள் இதை எதிர்த்தார்கள். அவர்கள் பிழைப்பையும் அரசு கருதத்தான் வேண்டும். ஆனால் சாலை அடைபட்டு, குடிநீர் வற்றி, மலையும் சரிந்துவிட்டால் வியாபாரத்துக்கு என்ன மிஞ்சும்?

மூணாறில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018-ல் பூத்தபோது வெள்ளமும் மண்சரிவும் கூட்டத்தைக் குறைத்துவிட்டன. அடுத்த பூப்பு 2030-ல். அப்போது வரும் கூட்டத்துக்கு இப்போதே வரம்பு வகுக்க வேண்டும். ஆபத்தான சரிவுகளின் கீழ் உள்ள லயங்களைக் கணக்கெடுத்துப் பத்திரமான இடத்தில் வீடு கட்டித்தர வேண்டும். பயணிகளிடம் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினால் அது தர்மமாகாது. அந்த மலையைப் பச்சையாக்கித் தந்தவர்களுக்குச் சேரவேண்டிய பங்கே அது.