தெருவும் ஏரியின் வரத்துக்காலே

ஏரிக்கு நீர் தரும் நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். முன்னாளில் அது பெரும்பாலும் மேய்ச்சல் நிலமாகவும் வயலாகவும் புதர்க்காடாகவும் இருந்தது. மழையின் ஒரு பகுதியை மண் உறிஞ்சியது. எஞ்சிய நீர் புல்லிடையே மெல்ல வடிந்து வரத்துக்கால் வழியே ஏரியை அடைந்தது. இன்று நகரங்களில் அந்நிலம் தெருக்களாக மாறிவிட்டது. சென்னையின் குடிநீர்த் தேவைக்கு உதவும் போரூர் ஏரியைச் சுற்றியும் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. எனவே, ஏரியைக் காக்கும் பணி தெருவிலேயே தொடங்க வேண்டும்.

100 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட தெருவில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர் நீர் விழுகிறது. தார்ச்சாலை அதில் மிகச் சிறிதளவையே உறிஞ்சும். கோடை முழுவதும் படிந்த புழுதி, வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெய், தேய்ந்த டயரின் துகள், கால்நடைச் சாணம், நெகிழிக் குப்பை ஆகிய அனைத்தையும் எஞ்சிய நீர் வாரிச் செல்கிறது.

வீட்டுக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. மழைநீர் வடிகாலுக்கோ பெரும்பாலும் அவ்வாறான தடுப்பு எதுவும் இல்லை; அது சுமந்து வருவது நேரே நீர்நிலையில் சேர்கிறது. வண்டல் படிந்து ஏரியின் கொள்ளளவு குறைகிறது. சாணத்திலும் சோப்பு நீரிலும் உள்ள பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற சத்துகளால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகுகின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறக்கின்றன.

வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு. மக்கள் என்ன செய்ய இயலும் எனச் சிலர் வினவுவர். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரையில் விழும் மழைக்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்பதை மக்கள் ஏற்றனர். தொட்டியில் நீரைச் சேமிப்போர், கூரையின் அழுக்கைக் கழுவிவரும் முதல் மழையை வெளியேற்றிய பின்னரே சேமிக்கின்றனர். கூரைக்குக் காட்டும் இந்த அக்கறை வாசலுக்கு முன்னுள்ள தெருவுக்கும் உரியது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தெருப்புழுதியை அள்ளி அகற்றுவதும், வடிகால் ஏரியில் சேருமிடத்தில் வண்டல் தொட்டி அமைத்து அதை உரிய காலத்தில் தூர்வாருவதும், சாலையோரங்களில் புல்வரப்பு வளர்ப்பதும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகள். வீட்டுக் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் இணைக்காதிருப்பதும், வண்டியின் எண்ணெய்க் கசிவை உடனே சரிசெய்வதும், வீட்டைச் சுற்றிச் சிறிதளவேனும் மண்தரையை விட்டுவைப்பதும் குடிமக்களின் கடமைகள்.

வாசலைப் பெருக்கிக் குப்பையை வடிகாலில் தள்ளுவோர் வீடு தூய்மையாயிற்று என எண்ணுகின்றனர். அக்குப்பை அடுத்த மழையில் ஏரியைச் சேர்கிறது. அந்த ஏரியின் நீரே ஒருநாள் அவர்தம் குடத்தையும் நிறைக்கக்கூடும்.