தயார்நிலை யாருடையது? ருமேனியாவும் பல்கேரியாவும் தரும் பாடம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் உக்ரைனும் மால்டோவாவும் பொருளாதார அடிப்படையில் அதற்குத் தயாராக உள்ளனவா என்ற கேள்வி இன்று கருத்தரங்குகளிலும் ஆய்வேடுகளிலும் அடிக்கடி எழுகிறது. அண்டை நாடுகளான இவ்விரண்டுக்கும் 2022 ஜூன் 23 அன்று ஒருசேர வேட்பாளர் தகுதி வழங்கப்பட்டது. 2024 ஜூன் 25 அன்று இரண்டுடனும் ஒரே நாளில் உறுப்புரிமைப் பேச்சு தொடங்கியது. இவற்றின் தயார்நிலையை ஆராய்வோர் பெரும்பாலும் வளர்ச்சி விகிதம், பணவீக்கம், கடன், பற்றாக்குறை ஆகியவற்றை ஓர் அட்டவணையில் அடுக்கி, அவற்றிலிருந்து ஒரு குறியீட்டெண்ணை வருவித்து, இந்த நாடு இத்தனை மதிப்பெண் பெற்றுள்ளது என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த அணுகுமுறை அடிப்படையிலேயே குறைபாடுடையது என்பது என் கருத்து. தயார்நிலை என்பது ஒரு நாடு முழுமைக்கும் பொதுவான ஒற்றைப் பண்பு அன்று. முதலீட்டாளருக்கு ஒரு தயார்நிலை உண்டு; அரசு நிர்வாகத்துக்கு வேறொன்று உண்டு; சிறு நிலத்தை உழுது பிழைக்கும் குடும்பத்துக்கு முற்றிலும் வேறானதொன்று உண்டு. இம்மூன்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அட்டவணை முதலாவதை நன்றாக அளக்கிறது, இரண்டாவதை அரைகுறையாக அளக்கிறது, மூன்றாவதை ஏறத்தாழ அளப்பதே இல்லை. இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. இதேபோல் இணைத்து நடத்தப்பட்ட வேறிரு அண்டை நாடுகளின் வரலாறு நம் கண்முன் உள்ளது. 2007 ஜனவரி 1 அன்று ஒன்றியத்தில் சேர்ந்த ருமேனியாவையும் பல்கேரியாவையுமே குறிப்பிடுகிறேன்.

1993இல் கோபன்ஹேகன் மாநாடு வகுத்த அளவுகோல்களில் பொருளாதாரம் பற்றியவை இரண்டு. ஒன்று, செயற்படும் சந்தைப் பொருளாதாரம் இருத்தல். மற்றொன்று, ஒன்றியத்துக்குள் நிலவும் போட்டி அழுத்தத்தைத் தாங்கும் திறன். இவ்விரு நாடுகளும் 1995இல் விண்ணப்பித்தன. 2000இல் பேச்சைத் தொடங்கின. 2004 மே மாதத்தில் பத்து நாடுகள் உள்ளே நுழைந்தபோது இவை வாசலிலேயே நிறுத்தப்பட்டன. பல்கேரியாவைச் செயற்படும் சந்தைப் பொருளாதாரமாக ஐரோப்பிய ஆணையம் 2002இல் ஏற்றது. ருமேனியா அந்தச் சான்றைப் பெற 2004 வரை காத்திருந்தது. அன்றைய மதிப்பீட்டில் பல்கேரியா முன்னே நின்றது, ருமேனியா பின்தங்கியிருந்தது.

அந்த மதிப்பீட்டுக்குத் தக்க காரணங்கள் இருந்தன. 1997 பிப்ரவரி என்ற ஒரே மாதத்தில் பல்கேரியாவின் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. வங்கிகள் வரிசையாகச் சரிந்தன. அதன்பின் அவ்வாண்டு ஜூலை 1 முதல் நாணய வாரிய முறை நடைமுறைக்கு வந்தது. லெவ் ஜெர்மன் மார்க்குடன் நிலையான விகிதத்தில் கட்டப்பட்டது. மைய வங்கி விருப்பம்போல் பணம் அச்சிட வழியில்லாததால் வரவுசெலவுத் திட்டம் கட்டுக்குள் வந்தது. ருமேனியாவோ தயங்கித் தயங்கி நடந்தது. நட்டத்தில் ஓடிய பெரும் அரசு ஆலைகளை விற்பதற்கே ஒரு பதிற்றாண்டு தேவைப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றிய கலாட்ஸ் நகரத்து சிடெக்ஸ் எஃகு ஆலையை 2001இல் லட்சுமி மிட்டலின் குழுமம் வாங்கியதை இந்தியப் பொருளியல் மாணவர்கள் அறிந்திருக்கக்கூடும். விலைவாசி ஓரளவு அடங்கிய பிறகே, 2005 ஜூலையில், நாணயத்திலிருந்து நான்கு சுழியங்களை ருமேனியா நீக்கியது. பழைய 10,000 லெய் புதிய ஒரு லெய் ஆனது.

நுழைவை ஒட்டிய ஆண்டுகளில் இரு பொருளாதாரங்களும் ஆண்டுக்கு 6 முதல் 8 விழுக்காடு வரை வளர்ந்தன. வெளிநாட்டு முதலீடு வெள்ளமென வந்தது. 1999இல் ரெனோ வாங்கிய டாச்சியா நிறுவனம் 2004இல் லோகன் காரை வெளியிட்டது. ருமேனியாவில் 2005இல் 16 விழுக்காட்டு ஒற்றை வருமான வரி வந்தது. பல்கேரியா சிறிது காலத்துக்குப் பின் 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. முதலீட்டாளரின் கண்ணால் பார்த்தால் இரண்டும் தயாராகவே இருந்தன. ஆனால் அந்த வளர்ச்சியின் அடியில் கடன் ஓடிக்கொண்டிருந்தது. 2007இல் பல்கேரியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எட்டியது. 2008இன் உலக நெருக்கடி வந்ததும் இரு பொருளாதாரங்களும் சுருங்கின. 2009இல் பன்னாட்டு நாணய நிதியம், ஒன்றியம், உலக வங்கி ஆகியவற்றிடம் சுமார் 2,000 கோடி யூரோ உதவித் திட்டத்துக்கு ருமேனியா கையேந்த நேர்ந்தது. மறு ஆண்டில் அரசு ஊழியரின் ஊதியம் 25 விழுக்காடு குறைக்கப்பட்டது. மதிப்புக் கூட்டு வரி 19இலிருந்து 24 விழுக்காடாக உயர்ந்தது. முதலாளிக்குத் தயாராக இருந்த நாட்டின் சுமையை ஆசிரியரும் செவிலியரும் சுமந்தார்கள்.

அடுத்து நிர்வாகத்தின் தயார்நிலை. ஒன்றியத்தில் சேரும் வறிய நாட்டுக்கு மிகப்பெரிய பொருளாதார ஆதாயம் அதன் நிதியுதவி என்பது பொதுவான எண்ணம். அந்த நிதி தானாக வந்து கருவூலத்தில் விழுவதில்லை. திட்டம் வரைய வேண்டும்; ஒப்பந்தப்புள்ளி முறையாகக் கோர வேண்டும்; உள்நாட்டுப் பங்கை ஒதுக்க வேண்டும்; ஒவ்வொரு செலவுக்கும் தணிக்கையில் விடை சொல்ல வேண்டும். மாவட்ட அளவில் இவற்றைச் செய்யத் தெரிந்த எழுத்தரும் பொறியாளரும் கணக்கரும் இல்லையெனில் ஒதுக்கப்பட்ட பணம் காகிதத்திலேயே நின்றுவிடும். ருமேனியாவில் 2007–2013 நிதிக்காலத்தின் தொடக்க ஆண்டுகளில் அதுவே நடந்தது. பல்கேரியாவிலோ முறைகேடுகள் காரணமாக 2008இல் நிதி முடக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் 22 கோடி யூரோ திரும்பக் கிடைக்காதவாறு பறிபோனது. சந்தைச் சான்றை முன்னதாகப் பெற்ற நாடே நிர்வாகச் சோதனையில் முதலில் அடி வாங்கியது என்பது கவனிக்கத்தக்கது. ஆணையத்துக்கும் இந்த ஐயம் முன்பே இருந்தது. நீதித்துறைச் சீர்திருத்தத்தையும் ஊழல் ஒழிப்பையும் கண்காணிக்க 2006 டிசம்பரில் நிறுவப்பட்ட சிறப்பு ஏற்பாடு 2023 செப்டம்பரில்தான் முறைப்படி முடிவுக்கு வந்தது. மூன்றாண்டில் முடியும் என்று பலர் எண்ணிய பணி பதினாறு ஆண்டுகளைக் கடந்தது.

மூன்றாவது, மக்களின் தயார்நிலை. நுழைவின்போது ருமேனியாவில் ஏறத்தாழ 40 லட்சம் வேளாண் உடைமைகள் இருந்தன. உழைப்போரில் மூன்றில் ஒருவரை ஒட்டிய எண்ணிக்கையினர் வேளாண்மையைச் சார்ந்திருந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை வீட்டுத் தேவைக்கு விளைவிக்கும் துண்டு நிலங்கள். ஒன்றியத்தின் நேரடி மானியம் ஹெக்டேர் கணக்கில் வழங்கப்படுவது; ருமேனியாவில் அதற்குக் குறைந்தபட்சம் ஒரு ஹெக்டேர் தேவை என வரையறுக்கப்பட்டது. அதனால் லட்சக்கணக்கான குடும்பங்கள் தொடக்கத்திலேயே வெளியே நின்றன. தகுதி பெற்றவர்களிலும் அதிக நிலமுடையவருக்கே அதிகத் தொகை போய்ச் சேர்ந்தது. சந்தையில் போட்டியிடவும் முடியாமல் மானியமும் கிட்டாமல் நின்றவர்களுக்கு எஞ்சிய ஒரே வழி புறப்பாடு. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் அவர்கள் சென்றார்கள். பல மேலை நாடுகள் தம் தொழிலாளர் சந்தையை 2013 இறுதி வரை மூடி வைத்திருந்தபோதிலும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. 1980களின் இறுதியில் 90 லட்சத்தை ஒட்டியிருந்த பல்கேரிய மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகச் சுருங்கியது. ருமேனியாவின் மக்கள்தொகை 1992இல் 2.28 கோடி, 2021இல் 1.9 கோடி. பிறப்பு குறைந்ததும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் மருத்துவர்கள் வெளியேறுவதைத் தடுக்க 2018இல் அரசு மருத்துவரின் ஊதியத்தை ருமேனியா பெரிதும் உயர்த்த வேண்டியிருந்தது என்பதே புறப்பாட்டின் அளவைக் காட்டும்.

அப்படியானால் இவ்விரு நாடுகளும் அவசரப்பட்டுச் சேர்க்கப்பட்டனவா? இல்லை என்பதே என் விடை. நுழைவு ஆண்டை ஒட்டி, வாங்கும் திறன் அடிப்படையில் இரண்டின் தலைக்குரிய உற்பத்தியும் ஒன்றியச் சராசரியில் சுமார் 40 விழுக்காடு அளவிலேயே இருந்தது. இன்று ருமேனியா அச்சராசரியில் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டி நிற்கிறது. பல்கேரியா மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி நிற்கிறது. பின்தங்கியதாகக் கருதப்பட்ட நாடு முந்திவிட்டது. ஆனால் அங்கும் கதை முடியவில்லை. 2024இல் ருமேனியாவின் வரவுசெலவுப் பற்றாக்குறை உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டியது. ஒன்றியத்திலேயே மிக உயர்ந்த அளவு அது. கட்டுப்பாட்டை விடாத பல்கேரியா 2026 ஜனவரி 1 முதல் யூரோவை ஏற்றுள்ளது. 2007இல் வழங்கப்பட்ட மதிப்பெண்களை வைத்து இவற்றுள் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

காத்திருப்பு தானாகத் தயார்நிலையை வளர்க்கும் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. வட மாசிடோனியா 2005 முதல் வேட்பாளர் நாடாக இருக்கிறது. 2019இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. எனினும் வாசல் திறக்கவில்லை. நுழைவு நாள் தெரிந்திருந்தால்தான் எந்த அரசும் கடினமான சட்டங்களை இயற்றத் துணியும். முடிவில்லாக் காத்திருப்பில் சீர்திருத்தம் பேசுவோர் தேர்தலில் தோற்பார்கள். படித்த இளைஞர் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள்.

இணைத்து நடத்தப்படும் நாடுகள் தமக்குள் எவ்வளவு இணைந்துள்ளன என்பதையும் நாம் கேட்பதில்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் டான்யூப் ஆற்றை ஏறத்தாழ 470 கிலோமீட்டர் தொலைவுக்கு எல்லையாகப் பகிர்ந்துகொள்கின்றன. 1954இல் திறக்கப்பட்ட ஜியுர்ஜியு–ரூசே பாலம் ஒன்றே நெடுங்காலம் அந்த ஆற்றின் மீது இருந்தது. இரண்டாவது பாலமான விதின்–கலஃபாத் பாலம் திறக்கப்பட்டது 2013 ஜூனில். ஒன்றியத்தில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகு. இரு தலைநகரங்களும் பிரசெல்ஸை நோக்கிப் பல்லாயிரம் பக்க அறிக்கைகளை அனுப்பிய அதே காலத்தில் ஒன்றையொன்று எட்டுவதற்குப் படகையும் ஒற்றைப் பாலத்தையும் நம்பியிருந்தன. விதின் நகரம் அமைந்துள்ள வடமேற்கு பல்கேரியா, ஒன்றியத்தின் மிக வறிய வட்டாரங்களின் பட்டியலில் பல்லாண்டுகள் அடித்தட்டில் இருந்தது. நாட்டுச் சராசரி உயர்வதால் மட்டும் அத்தகைய ஊர்கள் உயர்வதில்லை.

இந்த அனுபவத்தோடு உக்ரைனையும் மால்டோவாவையும் நோக்குவோம். மால்டோவாவின் சிக்கல் ஒரு வகையில் பழைய கதையின் தொடர்ச்சி. சிறிய நாடு, 2024 கணக்கெடுப்பில், திரான்ஸ்னிஸ்திரியா நீங்கலாக, சுமார் 24 லட்சம் மக்கள். இளையோர் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள். அண்மைக்காலம் வரை எரிவாயுவுக்கு ரஷ்யாவையும், மின்சாரத்துக்குப் பெருமளவு திரான்ஸ்னிஸ்திரியாவிலுள்ள குச்சுர்கன் மின்நிலையத்தையும் நம்பியிருந்தது. 2025–27 காலத்துக்கு ஒன்றியம் அறிவித்த 190 கோடி யூரோ வளர்ச்சித் திட்டத்தைச் செலவிடத் தேவையான கைகள் அங்குள்ளனவா என்பதே முதற்கேள்வி. உக்ரைனின் சிக்கல் நேர்மாறானது. மூன்று கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட விளைநிலமும், பல்லாயிரம் ஹெக்டேரை ஒருசேர உழும் பெரு நிறுவனங்களும் அங்குள்ளன. ஹெக்டேர் கணக்கில் மானியம் தரும் முறை மாறாவிட்டால் அங்கே தயாராக வேண்டியது உக்ரைனைவிட ஒன்றியமே. 2023இல் உக்ரைன் தானியம் குவிந்தபோது அதை எதிர்த்துத் தடை கோரிய அண்டை நாடுகளின் வரிசையில் ருமேனியாவும் பல்கேரியாவும் இருந்தன. முன்பு போட்டியைத் தாங்குமா என்று ஐயுறப்பட்ட நாடுகளே இன்று போட்டிக்கு அஞ்சுகின்றன. இவற்றுக்கு மேலாகப் போர் நடக்கிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர் ஒன்றிய நாடுகளில் தற்காலிகப் பாதுகாப்பில் வாழ்கிறார்கள். உறுப்புரிமை கிடைத்தால் அவர்கள் திரும்புவார்களா, எஞ்சியோரும் புறப்படுவார்களா என்பதை எந்தக் குறியீட்டெண்ணும் சொல்லாது. இவ்வளவு வேறுபட்ட இரு நாடுகளை ஒரே கயிற்றில் கட்டி, ஒன்றின் தடையை மற்றொன்றின் மீதும் சுமத்துவது நியாயமன்று. ஒவ்வொன்றையும் தனித்தே எடைபோட வேண்டும்.

இத்துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். குறியீட்டெண்ணைக் கைவிட வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். மாவட்ட அலுவலகத்தில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் பெற எத்தனை மாதம் ஆகிறது, ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலமுடையவர் எத்தனை பேர், ஐந்தாண்டுகளில் எத்தனை செவிலியர் வெளியேறினர் என்று தேடுங்கள். தரவு எளிதில் கிடைக்காது என்பது உண்மை. எளிதில் கிடைக்கும் தரவை மட்டும் வைத்து ஒரு நாட்டைத் தயார் என்று அறிவித்தால், பின்னர் வரும் விலையைக் கொடுப்போர் அந்த அட்டவணையில் எங்குமே இடம்பெறாதவர்களாக இருப்பார்கள். ருமேனியச் சிற்றூர்களிலும் விதின் போன்ற நகரங்களிலும் அதுவே நடந்தது. மாற்றுக் கருத்துடையோர் தரவுகளோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.