பனிக்காலக் கையுறை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். சென்னையில் ஐடி வேலை, வயது 27. ஹார்வர்டில் எம்பிஏ படிக்க விண்ணப்பிக்கப் போகிறான். கையில் விண்ணப்பக் கட்டுரையின் பிரின்ட் அவுட். "மாமா, என்னை மாதிரி இன்ஜினியர் பசங்கதான் இந்தியாவுல இருந்து குவியறாங்களாம். கன்சல்டன்ட் சொல்றார். அந்தக் கூட்டத்துல நான் எப்படித் தெரிவேன்?" என்றான். குரல் கம்மியிருந்தது.

அவன் பயம் பொய்யில்லை. தமிழ்நாட்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். படித்து, நான்கைந்து வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு எம்பிஏ-வுக்கு முயல்கிறவர்கள் ஏராளம். பலதரப்பட்டவர்களைத் தேடும் எம்பிஏ கல்லூரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஹார்வர்டில் கேஸ் முறையில் பாடம் நடக்கும். ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை எடுத்துக்கொண்டு, சுமார் 90 பேர் உட்கார்ந்து விவாதிப்பார்கள். 90 பேரும் ஒரே வேலை பார்த்தவர்கள் என்றால் விவாதிக்க என்ன இருக்கும்? நம் ஐஐஎம்கள் சிலவும் பொறியியல் படிக்காதவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. காரணம் புரிகிறது. ஆனாலும், எல்லோரும் சொன்னபடி நன்றாகப் படித்து வந்த பிள்ளைக்கு அந்தப் படிப்பே பாரமாவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

கட்டுரையைப் படித்தேன். தலைமைப் பண்பு பற்றிய கேள்விக்கு, 12 பேர் குழுவை வழிநடத்தியது, குறித்த தேதிக்குள் முடித்தது, வாடிக்கையாளர் பாராட்டியது என்று எழுதியிருந்தான். எல்லாம் உண்மை. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் யார் எழுதியது என்று சொல்ல முடியாது. எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கதைகளில் இதை தினமும் பார்க்கிறேன். மழையில் ஆரம்பிக்கும் கதைகள் மட்டும் மாதத்துக்கு ஒரு கட்டு வரும். மழை என்பதற்காக எதையும் நான் ஒதுக்கியதில்லை. அந்த மழையில் யார் வீட்டு ஓடு ஒழுகியது என்று ஒரு வரி இருந்துவிட்டால் கீழே வைக்க மனசு வராது.

"சரி, ஆபீஸ்ல உனக்குத் தூக்கம் வராமப் போன ராத்திரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். அமெரிக்காவில் ஒரு கிடங்கில், கையடக்க ஸ்கேனரில் சரக்கு இரண்டு முறை பதிவாகிறது என்று குளிர்காலம் வந்தால் புகார் வருமாம். மென்பொருளில் கோளாறு இல்லை என்று மூன்று முறை புகாரை மூடியிருக்கிறார்கள். இவன் விடாமல், இரவு ஷிப்டில் பெட்டி தூக்கும் ஒரு அம்மாவிடம் நேரே பேசியிருக்கிறான். குளிருக்குத் தடிமனான கையுறை போட்டிருப்பதால் திரையில் தொட்டது பதிந்ததா என்று தெரியாமல் இன்னொரு முறை தொட்டிருக்கிறார்கள். பொத்தானைப் பெரிதாக்கி, அடுத்தடுத்த இரண்டு தொடுதலையும் ஒன்றாக எண்ணும்படி மாற்றிவிட்டான். புகார் நின்றுவிட்டது.

"இதை ஏன் எழுதல?"

"அதெல்லாம் சாதாரண வேலை மாமா."

எனக்கு ஆதங்கம் தாங்கவில்லை. எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் முழு மதிப்பெண் 805. இவன் வாங்கியிருப்பது 695. அதுவே அருமையான மதிப்பெண். இன்னும் 20 கூட்டுவதற்காக மறுபடி மூன்று மாதம் படிக்கத் தயாராக இருந்தான். விண்ணப்பத்தில் காட்டுவதற்காக ஒரு தொண்டு நிறுவனத்தில் சேரவும் யோசித்திருந்தான். மனசில்லாமல் செய்யும் தொண்டு நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே வெளுத்துவிடும். தொண்டுக்கும் அது மரியாதையில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதலில் வேலை நாட்களின் டைரியைப் புரட்டுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் பெரிய பதவிக்காரரைத் தேடாதீர்கள். உங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மேனேஜரிடம் கேளுங்கள். கையுறைக் கதை தெரிந்தவர் அவர்தான்.

அன்று சாயங்காலம் வரை எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து திரும்ப எழுதினான். காபி ஆறிப்போனது. முதல் சுற்றிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். முடிவு டிசம்பரில் வரும். கிடைக்குமா, எனக்குத் தெரியாது. புதிய கட்டுரையின் முதல் வரியில் அந்த அம்மாவின் கையுறை இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்