விதைநெல்லும் பவளமும்



அறுவடை முடிந்ததும் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். வறட்சியிலும் தலைசாயாது நின்ற கதிர்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் பசி வந்தபோதும் அவற்றைத் தொடாது காத்தனர். இதே முறையை இன்று அறிஞர்கள் கடலுக்குள் கையாளுகின்றனர்.

பவளம் கல்லன்று, செடியுமன்று. கூட்டமாய் வாழும் சிற்றுயிர். அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரொளியால் உணவாக்கி, இடந்தந்த பவளத்துக்கும் ஊட்டுகின்றன. அதன் வண்ணமும் பெரும்பாலும் அவற்றால் வருவதே. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் மிகுதியாகச் சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால், இந்தக் கூட்டுக்குடித்தனம் முறிகிறது. பாசி நீங்க, பவளம் வெளிறுகிறது. வெப்பம் தணியாவிடில் பட்டினியால் மடிகிறது. 2023-இல் தொடங்கிய உலகளாவிய வெளிறலின் வெப்பம், 2025-க்குள் பவளப்பாறைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் தாக்கியது. கடலடியில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாத இப்பாறைகளே கடலுயிர் இனங்களில் ஏறத்தாழ கால் பங்குக்குப் புகலிடம்.

ஆயினும் எல்லாப் பவளங்களும் ஒருங்கே வீழ்வதில்லை. அருகருகே வளர்வனவற்றுள் ஒன்று வெளிற, மற்றொன்று தாங்கி நிற்கிறது. அத்தாங்குதிறன் பிள்ளைகளுக்கும் செல்லுமா? பசிபிக் பெருங்கடலின் பலாவு தீவுகளில், இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் இதனை ஆய்ந்தனர். பவளங்களை வெந்நீர்த் தொட்டிகளில் சோதித்து, நன்கு தாங்கியவற்றைப் பெற்றோராகத் தேர்ந்தனர். பவளம் ஆண்டில் சில இரவுகளில் மட்டுமே கருவணுக்களை நீரில் விடும். அந்த இரவுகளுக்காகக் காத்திருந்து இனங்கூட்டினர். பிள்ளைப் பவளங்கள் வளர்ந்து பருவமடையவும் ஆண்டுகள் பிடித்தன.

2024-இல் முடிவு வெளியாயிற்று. தாங்குதிறன் ஒரே தலைமுறையில் உயர்ந்தது மெய்யே. ஆனால் உயர்வு சிறிது: 1 டிகிரி மிகுவெப்பத்தை இன்னும் ஏறத்தாழ ஒரு வாரம் பொறுக்கும் அளவே. கடும் வெப்ப அலைகளோ இத்தகைய எட்டு வாரங்களுக்கு ஒப்பான சுமையையும் கடக்கின்றன. மேலும், சில நாள் கடுஞ்சூட்டைத் தாங்கும் திறன், ஒரு மாத வெப்பத்தையும் தாங்கும் என்பதற்கு உறுதியாகவில்லை.

அப்படியானால் இம்முயற்சி வீணா? அன்று. ஒரு வாரம் என்பதும் உயிருக்கு அவகாசமே. ஆனால் அவகாசத்தைத் தீர்வென்று எண்ணி வாளாவிருப்பது தவறு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் மூட்டும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால், எந்தத் தலைமுறைப் பவளம் அதனை முந்தும்?

விதைநெல் காத்த உழவன், விதை நல்லதென்று சொல்லி வயலைத் தீயிடவில்லை. வயலையும் சேர்த்தே காத்தான். அறிஞர்கள் கடலில் தங்கள் பங்கைப் பொறுமையோடு செய்கின்றனர். மற்றப் பங்கு கரையில் வாழும் நம்முடையது. தேவையின்றி எரியும் ஒரு விளக்கை அணைக்கும்போது, அது ஏன் என்று நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.