குளிர்நாட்டுப் பசுவும் நம் கோடையும்

1946இல் குஜராத்தின் கேடா மாவட்ட உழவர்கள் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால் கூட்டுறவாகத் திரண்டபோது, அவர்களை வதைத்தது இடைத்தரகர்களின் சுரண்டல். 1970இல் வர்கீஸ் குரியன் முன்னின்று தொடங்கிய வெண்மைப் புரட்சி அந்தக் கூட்டுறவை நாடெங்கும் கொண்டுசென்றது. 1950-51இல் 1.7 கோடி டன்னாக இருந்த இந்தியப் பால் உற்பத்தி, 2022-23இல் 23 கோடி டன்னைத் தாண்டியது. மழை பொய்த்த ஆண்டிலும் காணி நிலமில்லாத வீட்டில் அடுப்பெரிந்தது என்றால், அதற்குக் கறவை மாடும் ஒரு காரணம்.

இந்த வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தவை கலப்பினப் பசுக்கள். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்று வகுத்துக் கலப்பினம் பெருக்கினோம். ஒன்று ஆங்கிலக் கால்வாய்த் தீவில் உருவானது. மற்றது நெதர்லாந்து, வடஜெர்மனிப் புல்வெளிகளில் உருவானது. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்த தொழுவத்தில் எட்டு, பத்து லிட்டர் கிடைத்தது. அன்றைய பசிக்கு அது சரியான முடிவுதான். ஆனால், பூமி இவ்வளவு விரைவாகச் சூடேறும் என்பது அன்றைய கணக்கில் இல்லை.

சித்திரை மாத நண்பகலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் ஒரு கலப்பினக் கறவையைப் பாருங்கள். படுக்காது; படுத்தால் உடல் சூடு தணியாது. வாய் திறந்து மூச்சிரைக்கும். எச்சில் நூலாக ஒழுகும். தீவனம் செரிக்கும்போது வயிற்றில் எழும் சூடு அதற்குப் பெருஞ்சுமை. அதனால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். வயிற்றுப் புளிப்பை அடக்க வேண்டிய எச்சில் தரையில் வீணாவதால் செரிமானம் கெடும், பாலில் கொழுப்பு குறையும். பருவ அறிகுறி மங்கும். ஊசி போட்டாலும் சினை தங்காது. மடிநோயும் உண்ணிக் காய்ச்சலும் எளிதில் தொற்றும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராததால் துன்பம் இரட்டிப்பாகும். இரவிலும் வெக்கை தணியாவிட்டால் அது மீள வழியே இல்லை. சினைக்காலத்தின் கடைசி மாதங்களில் தாய் இப்படித் தவித்தால், பிறக்கும் கிடேரி வளர்ந்து கறவைக்கு வரும்போதும் பால் குறைவாகவே தரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த இழப்பு பால் சொசைட்டியில் பணமாகத் தெரிகிறது. அங்கே விலை கொழுப்பையும் இதர திடப்பொருளையும் பொறுத்தது. கோடையில் அளவும் குறைகிறது, தரமும் குறைகிறது. தீவனச் செலவு மட்டும் குறைவதில்லை. வானிலை மாற்றத்தின் விலையை ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் பெண்கள் தங்கள் கூலியிலிருந்து கட்டுகிறார்கள்.

இதற்கு மாற்று வழியும் இருந்தது. நம் கிர் மாட்டைக் கொண்டுபோன பிரேசில், அதை ஹோல்ஸ்டீனோடு சேர்த்து, பாலையும் வெயில் தாங்கும் திறனையும் ஒருசேரப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அப்படி உருவான கிரோலாண்டோவை 1996இல் தனி இனமாக அங்கீகரித்தது. நாமோ நெடுங்காலம் லிட்டரை மட்டுமே எண்ணினோம். கொங்கு மண்ணில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர்த்து, காங்கேயம் மாட்டை நிழலில் மேய்த்த கொரங்காடுகளைக் குறுகவிட்டோம்.

கலப்பினப் பசுவைக் கைவிடச் சொல்வது ஏழை வீட்டின் வருமானத்தைப் பறிப்பதாகும். அதை வெயிலிலிருந்து காப்பதே வழி. தகரக் கூரைமேல் தென்னங்கீற்று, நாள் முழுதும் தண்ணீர், விடியலிலும் இரவிலும் தீவனம், கொட்டகையைச் சுற்றி வேம்பும் புங்கனும்: இவற்றுக்கு அரசு மானியம் தரட்டும். கோடைக் கொள்முதல் விலையில் வெயில் இழப்புக்கு ஈடு சேரட்டும். கருவூட்டலுக்குக் காளையைத் தேர்வு செய்யும்போது பாலுக்கு நிகராக வெப்பம் தாங்கும் திறனும் அளவுகோலாகட்டும். இன்று ஊசி போட்டுப் பிறக்கும் கன்று கறவைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே இந்த முடிவுகளை இந்தக் கோடைக்குள் எடுத்தாக வேண்டும்.