தூண்டில் போட இடமும் வேளையும்

தூண்டில் வாங்கக் கால் மணி நேரம் போதும். அதை எங்கே போடுவதென்று அறிய நமக்கு ஒரு கோடை முழுவதும் வேண்டியிருந்தது. செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரை ஒன்றில், நடுப்பகலில், உட்கார வசதியான இடமாகப் பார்த்து அமர்ந்தோம். தக்கை அசையவில்லை, தூக்கத்தில் நம் தலைதான் அசைந்தது!

மீனுக்கு வசதியான இடம் வேறு. வாய்க்கால் ஏரியில் வந்து விழும் முகம், அல்லிப் படர்வின் ஓரம், கரைமரத்தின் நிழல் ஆகிய இடங்களிலேயே இரையும் மறைவும் உண்டு. மீன்கொத்தி நாள்தோறும் வந்தமரும் கிளையும் நல்ல அடையாளம். அதன் அடியில் சிறு மீன்கள் திரியும். வேளையோ, விடியலும் அந்தியும். வெயிலில் மேல்நீர் சூடேறுவதால், பகலில் மீன்கள் ஆழத்தை நாடிவிடும். ஏரியின் மீன் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுவது. ஆகையால் முன்னதாக அனுமதி பெறுதல் அவசியம்.

மழையில் ஏரி நிரம்பிய பின் ஒரு காலை, கரையோரம் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மிதந்தன. கீழே தாய் தந்தையாகிய விரால்கள் காவலிருந்தன. அருகே எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். பிடிப்பது வெகு சுலபம். ஆவலுடன் தூண்டிலை ஓங்கினோம்.

"வேண்டாம், ஐயா! அதை எடுத்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை" என்றார் அங்கிருந்த முதிய செம்படவர்.

தூண்டிலைச் சுருட்டிக்கொண்டோம். அன்று வெறுங்கையுடன் வீடு திரும்பினாலும், போடத்தகாத இடம் ஒன்றைக் கற்றுத் திரும்பினோம்.