இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒயரைத் தூக்கி எறியுங்கள்!

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மெஷினைப் பழுது பார்க்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, அந்த சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, 'வேலை நடக்கிறது' என்று அட்டையும் மாட்டிவிடுவார்கள். சாவி வேலை செய்பவரிடம் இருக்கும். யாருடைய ஞாபக சக்தியையும் நம்பி அங்கே உயிரைப் பணயம் வைப்பதில்லை.

அங்கே வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் தெருக்களில் நடப்பது என்ன? கரண்ட் போனதும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்கிறார்கள். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரை எடுத்து, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவர் சாக்கெட்டிலும் செருகுகிறார்கள். வீடு முழுக்க விளக்கு எரிகிறது, புதுக் கம்ப்யூட்டரும் ஓடுகிறது. இதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால், இது உயிரோடு விளையாடும் அலட்சியம்.

காரணம் எளிது. தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 அல்லது 22,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. அது இரண்டு திசையிலும் வேலை செய்யும். மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால் உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறிவிடும். அறுந்த கம்பியைச் சரி செய்ய ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. பல நாள் இருட்டு. வெளி மாவட்ட ஊழியர்களும் வந்து கம்பம் ஏறினார்கள். வீடுகளில் ஜெனரேட்டர் ஓடுவதும் சரியாக அதே நாட்களில்தான்.

"நான் மெயினை அணைத்துவிட்டுத்தான் செருகுவேன்" என்பார்கள். ஒரு நாள் மறந்தால்? நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது வீட்டில் வேறொருவர் செருகினால்? நடுவில் கரண்ட் திரும்பி வந்தால் ஜெனரேட்டரும் அதோடு உங்கள் கம்ப்யூட்டரும் எரியலாம். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினால், வெளியே தெரியும் அந்தப் பின்களில் 230 வோல்ட் இருக்கும். குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரியான வழி, சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் மின்வாரியக் கரண்ட், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. சிங்கிள் பேஸ் இணைப்பில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் இரண்டு போல் சுவிட்சாகக் கேட்டு வாங்குங்கள். பல வீடுகளில் இருக்கும் பேஸ் மாற்றும் சுவிட்ச் வேறு. அதை வைத்து ஜெனரேட்டரை இணைக்க முடியாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் இதைப் பொருத்த வேண்டும். வாடகை வீட்டில் ஒயரிங்கைத் தொட முடியாது என்றால் தரமான, தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயரை ஜெனரேட்டரிலிருந்து நேராக யுபிஎஸ்ஸுக்குக் கொண்டுவாருங்கள். சுவர் சாக்கெட் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து ஓவர்லோடு. ஜெனரேட்டர் ஓடும்போது யுபிஎஸ் 'டிக் டிக்' என்று அடிக்கடி பேட்டரிக்கு மாறுகிறதா? யுபிஎஸ் கெட்டுவிட்டது என்று உடனே சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சாதாரண சின்ன ஜெனரேட்டரின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பளு கூடினால் வேகம் குறையும், வோல்ட்டேஜும் தடுமாறும். யுபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்காமல் பேட்டரிக்குப் போய்விடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1 கேவிஏ என்று எழுதியிருந்தால், பவர் பேக்டர் 0.8 என வைத்துக்கொண்டால், கிடைப்பது 800 வாட்ஸ். அதில் முக்கால் பங்கு, அதாவது 600 வாட்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்சிடி மானிட்டருடன் கம்ப்யூட்டர் 200, இரண்டு பேன் 150, நான்கு எல்இடி பல்பு 36, மோடம் 10. மொத்தம் சுமார் 400 வாட்ஸ். யுபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஆவதும் இதோடு சேரும். சமாளிக்கலாம். ஆனால் அயர்ன் பாக்ஸ் தனியாகவே 1,000 வாட்ஸ் கேட்கும். அரை எச்பி தண்ணீர் மோட்டார் 373 வாட்ஸ்தானே என்று ஏமாறக் கூடாது. ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அது இழுக்கும் கரண்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு. பிரிட்ஜும் லேசர் பிரிண்டரும் இதே ரகம்.

கோளாறைக் கண்டுபிடிக்க எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ஜெனரேட்டரைப் பளு இல்லாமல் சில நிமிடம் ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். கம்ப்யூட்டரைக் கடைசியில் போடுங்கள். எதைப் போட்டதும் இன்ஜின் சத்தம் இறங்குகிறதோ, அதுதான் குற்றவாளி. கம்ப்யூட்டர் மட்டும் இருக்கும்போதும் யுபிஎஸ் தடுமாறினால் மெக்கானிக்கிடம் ஏர் பில்டர், கார்புரேட்டர், கவர்னர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கர் விழுந்தால் பளுவைக் குறைக்காமல் மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மாடிப்படி அடியிலோ, ஜன்னல் ஓரத்திலோ வைக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

உண்மையில் கம்ப்யூட்டருக்காக மட்டும் என்றால் ஜெனரேட்டரே தேவையில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள சைன் வேவ் இன்வெர்ட்டர் போதும். கணக்குப்படி 1,800 வாட் ஹவர். இழப்பெல்லாம் போகப் பாதிக்கு மேல் கிடைத்தாலே கம்ப்யூட்டர் நான்கைந்து மணி நேரம் ஓடும். அதிலுள்ள யுபிஎஸ் மோடைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள்.

கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குக் கணக்குப் பார்ப்பது நியாயமா? ஜெனரேட்டர் விற்கும் கடைக்காரர்களும் அதைச் சேர்த்தே விற்க வேண்டும். தொழிற்சாலையில் பூட்டும் சாவியுமாக நடப்பவர்கள், வீட்டில் மட்டும் ஞாபகத்தை நம்பலாமா? கம்பத்தில் இருப்பவருக்கும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.